உண்மைக்கு ஒரு கோடு

நகைக்கடையில் ஒரு வைர மூக்குத்தி காணாமல் போயிருந்தது. அந்தப் பகுதியில் விற்பனைக்கு நின்ற செண்பகவல்லியிடம் மேலாளர் தயானந்தன் ஒரு தாளை நீட்டினார். ‘யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பொய் கண்டறியும் சோதனைக்குச் சம்மதிக்கிறேன்.’

“சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதும்மா. வேண்டாம்னா வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கும் வர வேண்டியதில்லை.”

அவள் கையெழுத்திட்டாள். இயந்திரத்தோடு வந்திருந்தவர் அவள் விரல்களில் கம்பிகளைச் சுற்றினார்.

“முதல்ல நிச்சயமா உண்மை வர்ற மாதிரி ஒரு கேள்வி கேக்கணும், சார். அப்ப முள்ளு போடுற கோடுதான் அளவு. அதுலேர்ந்து மாறினா பொய்.”

“இதையே கேளுங்க.” மேலாளர் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார்.

“விருப்பப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“ஆமாங்க.”

முள் துள்ளி, இயந்திரத்தில் ஓடிய தாளின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. வந்தவர் தயங்கி நிமிர்ந்தார்.

“அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே,” என்றார் மேலாளர். “உண்மைன்னு போடுங்க.”

துள்ளிய கோட்டின் உச்சியில் வந்தவர் ‘உண்மை’ என்று சின்னதாக எழுதினார். பிறகு கேட்டார்:

“மூக்குத்தியை நீங்க எடுத்தீங்களா?”

“இல்லீங்க.”

முள் அசையவே இல்லை. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கோடு நேராகப் போனது. அதைப் பார்த்த செண்பகவல்லிக்கு அன்று முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

“முதல் கோடு மாதிரி இல்லையே,” என்றார் மேலாளர்.

வந்தவர் இரண்டு கோடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.