முன்வரிசை வாயாடி

கனடா கூடைப்பந்துக் கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் தேவை. திம்மின்ஸ் அணியின் லூசியனுக்கு, யாரும் தடுக்காமல் வளையத்தில் எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்திருந்தன. உள்ளூர்க்காரன் எறியும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

"டேய் மரக்கட்டை! உனக்கெல்லாம் எதுக்குடா பந்து? போய்ப் பனி அள்ளு!"

கத்தியது முன்வரிசையில் ரசிகை டோரீனுக்குப் பக்கத்து இருக்கைக்காரன்தான். சீசன் முழுக்க இதே தொல்லை.

"அவன் இங்க ஒரு ஃப்ரீ த்ரோகூட விட்டதில்ல. உனக்கு ஏன்யா வயித்தெரிச்சல்?" என்றாள் டோரீன்.

"நீ வாயை மூடும்மா!"

எதிரணி டைம் அவுட் கேட்டது. லூசியன் பயிற்சியாளரிடம் போன நேரத்தில் டோரீன் காவலாளியைக் கூப்பிட்டாள். வாயாடியை வெளியே தள்ளினார்கள். சுற்றிலும் கைதட்டினார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. மயான அமைதி. லூசியன் எறிந்தான். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

அவன் டோரீன் பக்கம் திரும்பினான். "அந்த ஆளு எங்க?"

"தொரத்திட்டேன் தம்பி! நீ நிம்மதியா போடு."

"ஐயோ அக்கா, அவன் என் அண்ணன்! சின்ன வயசுலேர்ந்து அவன் திட்டினாத்தான் எனக்குக் கை நிக்கும். டிக்கெட் எடுத்துக் கொடுத்து உக்கார வெச்சதே நான்தான்!"

நடுவர் மறுபடி பந்தை நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நீங்களாவது நல்லாத் திட்டித் தொலைங்க!"