மேட்டு வீட்டுப் பாண்

நான் வெள்ளிக்கிழமைகளில் பேக்கரியிலிருந்து பாண் வண்டி கொண்டுபோகும் ஜெர்மன் கிராமத்தில் பதினொரு வீடுகள். பள்ளிக்கூடம் தொண்ணூற்றொன்றில் மூடப்பட்டது. கடை அதற்கு அடுத்த வருடம். இருக்கும் ஒரே தெரு ஓடைப் பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, ஃப்ராவ் கெர்ஸ்டன் என்ற தனிக் கிழவியின் வாசல் படலையில் முடிகிறது. மற்றப் பத்து வீடுகளும் பாலத்துக்கு இந்தப் பக்கம். எல்லோரும் படலையில் துணிப்பை தொங்கவிடுவார்கள். நான் பாணை அதற்குள் வைத்துவிட்டு வருவேன்.

ஜனவரியில் ஒருநாள் மேடு பனியில் வழுக்கியது. பாலத்திலேயே வண்டியைத் திருப்பினேன். பேக்கரியில், பதினொரு வீட்டுக்கும் கொடுத்தாயிற்று என்றேன். பாணைத் தேடி இறங்கி வந்த கிழவியை மறுநாள் பாதி வழியில், பனியில் விறைத்து இறந்தபடி கண்டெடுத்தார்கள். கையில் வெறும் பை இருந்ததாம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் படலையில் பை தொங்குகிறது. நான் பாண் வைக்கிறேன். அடுத்த வெள்ளி பை காலியாக இருக்கிறது.

என் மனைவி கஜந்தியிடம் பையைப் பற்றி மட்டும் சொன்னேன். வண்டியைத் திருப்பியதைச் சொல்லவில்லை.

"ஆரோ பெடியள் விளையாடுறாங்கள்," என்றாள்.

"அந்த ஊரிலை பெடியளே இல்லை."

"அப்ப நீங்கள் ஏன் மேலை ஏறுறியள்? பாலத்தோடை திரும்பி வாங்கோ."

இன்று அப்படியே செய்தேன். மே மாதம், நல்ல வெயில். பாலத்தில் வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன்: பாலத்துக் கம்பியில் அந்தப் பை தொங்கியது. அதன் மடிப்புகளில் பனி இன்னும் உருகாமல் இருந்தது.