மூலையில் நிற்கிறவர்

"பொய் சொல்றான் டாக்டரம்மா. இவனுக்காவது, கொரல் கேக்கறதாவது!"

இளவரசு மேஜையைத் தட்டிச் சொன்னான். அவன் மனைவி ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் தம்பி அன்புமணி. தாடி மண்டிக் கிடந்தது. சட்டை தோளில் தொங்கியது.

"செம்மங்குப்பத்துல கம்பெனி வேல. பேக்கிங் செக்‌ஷன். நான்தான் கெஞ்சி வாங்கிக் குடுத்தேன். தீவாளிலேருந்து போவல. கேட்டா யாரோ பேசறாங்களாம். வூட்ல படுத்துத் தூங்கறதுக்கு நல்ல வழி கண்டுபுடிச்சிருக்கான் மச்சான். நடிப்பா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸிலேயே பேச்சு முடிந்திருந்தது. டாக்டர் நடிப்பு என்று சொல்லிவிட்டால், அன்புமணி இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஜான்சி சரி என்றுதான் சொல்லியிருந்தாள். வேறு என்ன சொல்ல முடியும்?

"என்ன பேசறாங்களாம்?" டாக்டர் பவானி ஜான்சியைக் கேட்டாள்.

ஜான்சி தம்பியின் தோளைத் தொட்டாள். அவன் சொல்லச் சொல்ல அவள் எடுத்துச் சொன்னாள். வீட்டிலும் அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் அவள்தான்.

"மூலையில ஒர்த்தரு நிக்கறாராம். மொகம் தெரியலியாம். சாப்புடாத, சோத்துல ஒங்க மாமா வெஷம் வச்சிருக்கான்னு சொல்றாராம்."

"பாத்தீங்களா! துன்றது என் வூட்டு சோறு. வெஷம் வக்கறவனும் நானு!" இளவரசு மைத்துனன் பக்கம் திரும்பினான். "பெரியவங்க முன்னாடி என்னாடா கைய நீட்டி நீட்டி? கட்டு!"

அவனே அன்புமணியின் கைகளை இழுத்து மார்போடு கட்டிவைத்தான். அன்புமணி கட்டியது கட்டியபடி இருந்தான்.

"சார், ஒங்க அக்குள்ள நீங்களே கிச்சுகிச்சு மூட்டிக்கங்க," என்றாள் டாக்டர்.

"நானா?"

"நீங்கதான்."

இளவரசு மனைவியைப் பார்த்தான். பிறகு வேண்டாவெறுப்பாக அக்குளில் விரலை விட்டு ஆட்டினான்.

"சிரிப்பு வருதா?"

"எப்புடி வரும்? நம்ம கைதான?"

"அதான். நீங்க வெரல அசைக்கறதுக்கு முன்னாடியே, 'வர்றது நம்ம கைதான்'னு மூளை தனக்குத்தானே சொல்லி வச்சுக்கும். மனசுக்குள்ள பேசறதும் அப்படித்தான். நாள் முழுக்க எல்லாருமே உள்ளுக்குள்ள பேசிக்கிட்டுதான் இருக்கோம். பேசறது நாமதான்னு மூளைக்குத் தெரியறதால பயப்படறதில்ல. இவரு மூளைக்கு அந்த ஒரு சேதி மட்டும் போய்ச் சேரல. தான் பேசறதே இவருக்கு வேற யாரோ பேசற மாதிரி ஆயிடுது."

ஜான்சி தன் தலைக்குள் கவனித்தாள். அங்கேயும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாதாவே, நடிப்புன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. மாதாவே, சொல்லிடக் கூடாது. அது தன்னுடைய பேச்சுதான் என்று இத்தனை காலமும் தனக்கு யார் சொன்னது?

இளவரசு விடவில்லை. "நானும் செல்லுல பாத்தேன் டாக்டரம்மா. கொரல் வர்றப்ப அந்த ஆளுக்குத் தொண்ட லேசா ஆடுமாமே, நெசமா?"

"சில பேருக்கு ஆடும். தெரியாமலே முணுமுணுப்பாங்க."

"நேத்து சோத்துத் தட்டத் தள்ளுனான் பாருங்க, அப்ப இவன் தொண்டையில கைய வச்சுப் பாத்தேன். கல்லு! ஒரு அசைவு இல்ல."

"இவருக்குத் தொண்டை ஆடாது சார்."

"அப்ப நடிப்புதான். நீங்களே சொல்லிட்டீங்க." இளவரசு எழுந்தான். "வா ஜான்சி. அவன் எங்கியாவது போறான்."

ஜான்சி எழவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அன்புமணியின் கண்கள் அறையின் மூலைக்குப் போய் நிலைகுத்தின. அங்கே தண்ணீர் கேனைத் தவிர ஒன்றுமில்லை. அவன் முகம் வெளிறியது.

"வந்துட்டாரு டாக்டரம்மா," என்றாள் ஜான்சி.

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்தாள். "அவர் கைக்கட்ட அவுத்து மடியில வைங்கம்மா. மெதுவா."

ஜான்சி வைத்தாள்.

மடியில் கிடந்த விரல்கள் அசைந்தன. மிகச் சிறிய அசைவு. மடங்கின, நிமிர்ந்தன, ஒன்றையொன்று தொட்டு விலகின. அன்புமணி அவற்றைப் பார்க்கவேயில்லை. மூலையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஜான்சி குனிந்தாள். "சாப்புடாத," என்று படித்தாள். "வெஷம். ஒங்க மாமா வெஷம் வச்சிருக்கான்."

இளவரசு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"மாத்திர எழுதுங்க டாக்டரம்மா. நானே பாத்துக் குடுக்கறேன்."

பிறவியிலேயே காது கேளாத அன்புமணி, வாழ்நாளெல்லாம் கைகளாலேயே பேசி வந்தவன், அந்தக் கைகள் தன்னிடமே பேசுவதை அறியாமல், மூலையில் நிற்கிறவருக்குப் பயந்துகொண்டிருந்தான்.