சிவப்புக் கோடு விழுந்த வரி

"இந்த ரக்ன்ஹில்டுக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன்.

திரை முழுக்கச் சிவப்புக் கோடு. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு தப்பு.

நார்வேயின் ட்ரொன்ஹைமில், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புகளுக்குப் புரோகிராம் எழுதும் சின்ன கம்பெனி எங்களுடையது. எழுதியதை ஓட்டிப் பார்க்காமலேயே படித்து, எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் கோடு போட்டுக் காட்ட ஒரு கருவி உண்டு. பெயர் வைக்காமல் போகிற போக்கில் எழுதும் குட்டிக் கட்டளைத் துண்டுகளை மட்டும் அது கண்டுகொள்ளாது. நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் ரக்ன்ஹில்ட், நேற்று சாயங்காலம் அதற்குள்ளேயும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பத்துநாலு வயதில் படித்துப் பிடித்த வேலை இது. ஆறு மாதத் தற்காலிகம் இன்றோடு முடிகிறது. எங்கள் தலைவர் டோர்கைர் இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். இன்றைக்குப் பார்த்தா இந்தக் கூத்து?

பத்து மணிக்கு டோர்கைர் முகம் சிவக்க வந்தார்.

"இந்த வரியைப் பாருங்க. நோயாளியோட எடையைப் போடலைன்னா, மருந்து அளவுக்குப் பதிலா வெறும் எழுத்து போகுது. பம்ப் என்ன பண்ணும்? நல்லவேளை, இன்னும் வெளியில போகலை. யார் பண்ணினது?"

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கம்ப்யூட்டரே சொல்லும். தட்டினார். வந்த பெயர், ரக்ன்ஹில்ட்.

ஆபீஸே குபீரென்று சிரித்தது.

"எல்லாருக்கும் கோடு போட்டீங்களே, உங்களுதை முதல்ல பார்த்திருக்கக் கூடாதா?" என்றேன்.

ரக்ன்ஹில்ட் நிமிரவே இல்லை. "தப்புதான். திருத்திடறேன்."

"மத்தவங்க எழுதறதைச் சரிபார்க்கிற பொறுப்பு மூணு மாசத்துக்கு உங்களுக்கு வேண்டாம்" என்றார் டோர்கைர். "சரிங்கறவங்க கை தூக்குங்க."

முதல் கை என்னுடையது.

தப்பு செய்தவர்தான் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வாஃபிள் அப்பம் சுடவேண்டும். அது எங்கள் ஆபீஸ் வழக்கம்; இன்று வெள்ளி. கையெழுத்தான கடிதத்தோடு நான் வெளியே வந்தபோது, ரக்ன்ஹில்ட் முதல் வாஃபிளில் பழுப்புச் சீஸ் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நிரந்தரமாயிடுச்சாமே ஸ்டைனார்! ரொம்ப சந்தோஷம். சூடா சாப்பிடுங்க."

"இனிமேலாவது பார்த்து எழுதுங்க" என்றேன், வாய் நிறைய வாஃபிளோடு.

"சரி" என்று சிரித்தார்.

அப்படி என்னதான் தப்பு, நாமும் தெரிந்துகொள்வோமே என்று என் இடத்துக்கு வந்து அந்த வரியை யார் யார் எப்போது மாற்றினார்கள் என்ற பழைய கதையைத் திறந்தேன்.

ரக்ன்ஹில்ட் அதைத் தொட்டது இன்று காலை ஆறு ஐம்பதுக்கு. செய்த மாற்றம், வரிக் கடைசியில் ஒரே ஓர் இடைவெளி. வேறெதுவும் இல்லை.

அதற்குக் கீழே, நாலு மாதத்துக்கு முந்தைய தேதியில், அந்த வரியை முதலில் எழுதியவர் பெயர் இருந்தது.

ஸ்டைனார்.