மேனேஜர் கையைக் கடித்த கிட்டார்

சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும், கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் இனி என் ஆயுசுக்கும் நேரத்துக்கு வராமல் போகட்டும்.

கிட்டார் கடித்தது. அதுவும் யாரை? புரொடக்‌ஷன் மேனேஜர் பூவராகவனை.

ஸ்டீல் பீரோ செய்கிற கம்பெனி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடி கேபினில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிட்டாரை மடியில் எடுப்பார். கூடவே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஷெட் பூராவும் கேட்கும். ஐந்து நிமிஷம் டொய்ங் டொய்ங். அப்புறம் "ஆ!" என்று ஒரு அலறல். இடது கையை உதறிக்கொண்டே ரவுண்ட்ஸ் வருவார். அந்த எரிச்சலில் எதிரே நிற்பவன்தான் அன்றைய குற்றவாளி.

ஒரு நாள் மாட்டியது எல்லம்மா. பீரோ சாவிகளைப் பாக்கெட்டில் போடுகிற வேலை அவளுக்கு. முட்டி வீங்கியிருந்ததால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷிஃப்ட்ல உக்காரக் கூடாதுன்னு தெரியாதா? இன்னொரு தடவை பார்த்தேன், மறுநாள் கேட்டுக்குள்ளயே வராதே!"

வெல்டர் ஷஃபியுல்லாவுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்ததை எல்லாம் டீக்கடையில் போய்க் கொட்டித் தீர்த்தான்.

மறுநாள் பார்த்தால், கேபினுக்குள் மதிவாணன் நிற்கிறான். கையில் மேனேஜரின் கிட்டார்!

மதிவாணன் பிசிறு எடுக்கிறவன். பீரோ கதவின் ஓரம் யார் கையையும் கிழிக்காதபடி அரம் போட்டு மழுங்கடிப்பது அவன் வேலை. அவனுக்கு அங்கே என்ன ஜோலி? ஷஃபியுல்லா கதவிடுக்கில் காதை வைத்தான்.

"ஏசியில கட்டை காஞ்சு சுருங்கிட்ச்சு சார். விரல் வைக்கிற பலகையில குறுக்க அடிச்ச கம்பிங்க சுருங்காதில்ல? அதான் கழுத்து ஓரத்துல பல்லு பல்லா வெளிய நிக்குது. கையை மேல கீழ இழுத்தா கடிக்குது."

"நான் என் விரல்தான் சரியில்லைன்னு நெனச்சேன்யா!"

"உங்க விரலு தங்கமான விரலு சார். கம்பி முனையைச் சாய்ச்சுத் தேய்ச்சு, பலகை விளிம்பையும் உருட்டிக் குடுத்துர்றேன். பாதி தேஞ்ச சோப்பு மாதிரி ஆயிடும். கை வழுக்கிக்கினு போவும். அப்பால கீழ வைக்கவே மனசு வராது உங்களுக்கு."

தங்கமான விரல்! ஷஃபியுல்லா கதவிடுக்கிலிருந்து காதை எடுத்தான். மதிவாணன் கிட்டாரோடு வெளியே வந்ததும் மறித்துக்கொண்டான்.

"இன்னா மதி, பீரோ தேய்ச்சது பத்தலன்னு மேனேஜரையும் தேய்க்கிறியா?"

"அவருக்குக் கை வலிக்குதாம் பாய்."

"அந்தக்காவுக்குக் கால் வலிக்குது, அது தெரியல உனக்கு? அவங்கள வேலைய வுட்டுத் தூக்குறேன்றான், நீ அவனுக்கு ஐஸ் வைக்கிற. மன்சனாடா நீ?"

மதிவாணன் ஈ என்று இளித்தான். அந்த இளிப்புக்கே ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிட்டான். பீரோ கதவுக்குச் செய்வதுபோலவே, பழைய நைலான் துணி ஒன்றைக் கிட்டார் கழுத்தின் ஓரத்தோடு இழுத்துப் பார்த்தான். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. அதில் உட்கார வந்த ஈ சறுக்கிக் கீழே விழுந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த நாள் சாப்பாடு முடிந்து கிட்டார் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. "ஆ" இல்லை. அரைமணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. கை என்னவோ வழுக்கிக்கொண்டு போனது, பாட்டுதான் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. லேத்காரர்கள் கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டார்கள். கேட்டில் படுத்திருந்த நாய் ஆந்திரா பார்டரைத் தாண்டிவிட்டதாகத் தகவல்.

"பேஜாரு பண்ணிட்டான்டா படுபாவி!"

ஷஃபியுல்லா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வீசினான். மதிவாணனை நாலு வார்த்தை கேட்டே தீருவதென்று பேக்கிங் பக்கமாகப் பாய்ந்தவன், அப்படியே நின்றான்.

எல்லம்மா கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு, நிம்மதியாகச் சாவி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா! எழுந்திரு! அந்தாளு பார்த்தா வேலை பூடும்!"

"வரமாட்டாரு நைனா. பாட்டு கேக்கலியா உனக்கு? அது கேக்கற வரைக்கும் மனுசன் கேபின்லதான். பாட்டு நின்னாக்கா எழுந்து நின்னுக்கோன்னு சொல்லி, மதிதான் இந்தப் பொட்டி ரெண்டையும் போட்டுட்டுப் போச்சு."

ஷஃபியுல்லா திரும்பிப் பார்த்தான். மதிவாணன் குனிந்த தலை நிமிராமல் ஒரு பீரோ கதவுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. கண்ணாடிக்குள் பூவராகவன் எழுந்துகொள்வது தெரிந்தது. எல்லம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.

ஷஃபியுல்லா ஒரே ஓட்டமாக ஓடிக் கேபின் கதவைத் திறந்தான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"இன்னா சார் நிறுத்திட்டீங்க? தங்கமான விரலு சார் உங்களுது! ஒன்ஸ் மோர் சார்!"

கச்சேரி இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இதை மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். எல்லம்மாவுக்கு முட்டி இன்னும் சரியாகவில்லை.