பிராங்பேர்ட்டா, டோட்முண்டா

பன்னிரண்டு மணிக்குள் தக்சாயினி பதில் அனுப்பியாக வேண்டும். இப்போது பதினொன்று இருபது.

குணேஸ்வரி மகளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அதில் இரண்டு அனுமதிக் கடிதங்கள். ஒன்று பிராங்பேர்ட்டில் உள்ள வணிகக் கல்லூரியிலிருந்து வந்தது. மற்றது டோட்முண்ட் பல்கலைக்கழகத்துடையது. அது கெல்சென்கிர்ச்சனில் இவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்.

பிராங்பேர்ட்காரர் முழுப் புலமைப்பரிசிலும் தந்திருந்தார்கள். இரண்டாம் வருடத்திலேயே முதலீட்டு வங்கி ஒன்றில் பயிற்சி. விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானோரில் அறுபது பேரைத்தான் எடுத்திருந்தார்கள்.

தக்சாயினிக்கு இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் பங்குச்சந்தை விளையாட்டு ஒன்று வைத்தார்கள். அவளுடைய குழு நகரத்திலேயே இரண்டாவதாக வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் வட்டிவீதம், பணவீக்கம் என்றுதான் பேச்சு. வீட்டுக்கு வருகிறவர்கள் டொக்டருக்குப் படிக்கவில்லையா பிள்ளை என்று கேட்டால், நான் பிராங்பேர்ட் போறன் என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் மூன்று கிழமையாக டோட்முண்ட், டோட்முண்ட் என்கிறாள்.

அங்கேயும் நல்ல பேராசிரியர்கள் இருக்கிறார்களாம். முதல் பட்டம் எங்கே எடுத்தது என்று எந்த வங்கியும் பெரிதாகப் பார்க்காதாம். மேற்படிப்புக்கு பிராங்பேர்ட் போனால் போதுமாம். கேட்டுக் கேட்டுக் குணேஸ்வரிக்குக் காது புளித்துவிட்டது.

போதாததற்குப் புருசன் இராசலிங்கமும் மகளோடு சேர்ந்துகொண்டார். ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் கண்டவர்களிடமெல்லாம் மகளுடைய பிராங்பேர்ட் கதையைச் சொல்லித் திரிந்த மனிதன். இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது, பிள்ளை வீட்டோடை நிண்டு படிக்கட்டுமே என்றார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

குணேஸ்வரி இன்று விடுவதாக இல்லை.

நீ இங்கே நின்றால் சமைக்கிறதும் துவைக்கிறதும் எனக்குத்தான் கரைச்சல் என்றாள். பத்தொன்பது வயதாகியும் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமில்லையா என்றாள். நீ போனால்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும் என்றும் சொன்னாள். மகளிடம் அவள் இப்படிக் கதைத்ததே இல்லை.

தக்சாயினியின் கண்கள் நிறைந்தன.

"பிராங்பேர்ட்டுக்குப் போகாமல் விட உனக்கு வேறை ஏதும் காரணம் இருக்கோ? இருந்தால் இப்ப சொல்லு."

தக்சாயினி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"இல்லை அம்மா."

பிராங்பேர்ட் கடிதத்தின் கீழே ஏற்கிறேன் என்றிருந்த பொத்தானை அழுத்தினாள். நன்றி என்று திரையில் விழுந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

குணேஸ்வரி எழுந்து போகவில்லை. போனால் தானே வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரிக்கு மகள்தான் கூட வந்தாள். சின்ன வயதிலிருந்தே தாய்க்கு டொச்சு எனும் ஜேர்மன் மொழியைத் தமிழாக்கிச் சொல்பவள் அவள்தான். டொக்டர் நெடுநேரம் கதைத்தார். தக்சாயினி ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். இன்னொன்று கேட்கத் தொடங்கிப் பாதியில் விட்டாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, ஈரலில் சின்ன வீக்கம் ஒன்றாம், குளிசை போட்டால் மெல்ல மெல்ல வற்றிவிடுமாம் என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

குணேஸ்வரியும் சரியென்று தலையாட்டினாள்.

அவளுக்கு டொச்சு சரளமாகக் கதைக்க வராது. ஆனால் பதினேழு வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றியவள். டொக்டர் சொன்ன ஒரு சொல்லை அங்கே சில அறைகளில், கட்டில் தாளில் எழுதியிருப்பார்கள். பலியாட்டிவ். இனி நோகாமல் வைத்திருக்கத்தான் மருந்து என்று அதற்கு அர்த்தம். அந்த அறைகளை ஒவ்வொன்றாக வெறுமையாக்கி, கழுவித் துடைத்து, அடுத்தவருக்குப் புது விரிப்புப் போட்டவள் அவள். படிப்பையும் வேலையையும் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கட்டில்களின் பக்கத்தில் மாதக்கணக்காக இருந்த மகள்மாரையும் கண்டிருக்கிறாள்.

டிசம்பரில் வரும் நத்தார் வரைக்கும்தான் என்று டொக்டர் சொன்னதும்கூட அவளுக்கு விளங்கியது.

அறைக்குள் அழுகை ஓய்ந்திருந்தது. வகுப்புகள் ஒக்டோபரில்தான் தொடங்கும். இன்னும் ஒன்பது கிழமை மகள் வீட்டில் இருப்பாள்.

அந்த ஒன்பது கிழமையும் அவள் தன்னோடு கதைப்பாளா என்று குணேஸ்வரிக்குத் தெரியவில்லை.