பள்ளத்துக்கு வாடகை

நனையாத தூக்கத்துக்கு நகரத்தின் வெள்ள வரைபடம் அன்று காலை போட்ட விலை, சதுர அடிக்கு இருபத்தெட்டாயிரம். தண்ணீர் ஏறாது என்று அதில் பச்சையாகத் தெரியும் வீடுகளுக்குத்தான் அந்த விலை. மெகருன்னிசாவின் அரை ஏக்கர் பள்ளம் கருநீலம்; விலை பூஜ்ஜியம்.

அதை மூடி மனை போட ஆறு வருடமாக அலைந்த புரோக்கர் தணிகாசலம், ஒருவழியாக அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டி வந்துவிட்டார். மகளின் காலேஜ் ஃபீஸ் அவளை வர வைத்திருந்தது.

“ஓசியில குடுத்தாலும் ஒருத்தனும் வாங்கமாட்டான்க்கா. நான் அஞ்சு லட்சம் தர்றேன், கையெழுத்தப் போடுங்க.”

மெகருன்னிசா வெங்காய மண்டிக்காரி. தராசின் இரண்டு தட்டையும் பார்க்காமல் எதையும் கை மாற்றியதில்லை. திறந்த பேனாவை மூடிவிட்டு, கணினியில் அந்த வரைபடத்தை விரித்து வைத்திருந்த எழுத்தரிடம் திரும்பினாள்.

“தம்பி, இந்தப் பள்ளத்த மேப்புல மட்டும் ஒரு தடவ மூடிக் காட்டுங்களேன்.”

எழுத்தர் மூடினார். சுற்றியிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பச்சை வீடுகளும் வெள்ளம் புகும் சிவப்புக்கு மாறின. அவற்றில் ஒன்று தணிகாசலத்தின் புது மாடிவீடு.

“ஐயையோ! திறங்க சார், திறங்க!”

“பதறாதீங்க புரோக்கரே. பள்ளம் விக்கிறதுக்கில்ல, வாடகைக்குத்தான்.”

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் மண்டி நோட்டில் அவள் எழுதினாள்: பள்ளத்தில் தண்ணீர் ஒன்பது அடி, தெருவில் பூஜ்ஜியம். வாடகை வரவு, நானூற்றுப் பதினொரு வீடு. பாக்கி, தணிகாசலம்.